மாப்பிள்ளைக்குக் குளிராத மார்கழி

ஃபேன் ரெகுலேட்டரின் குமிழ் என் சாப்பாட்டுப் பையில் இருந்தது. டிபன் பாக்ஸுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவே கிடந்து, வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ‘டக்’கென்று டிபன் பாக்ஸில் மோதியது. ரெட்டியார்பாளையத்தில் கிளம்பி லாஸ்பேட்டை போய்ச் சேரும்வரை அந்தச் சத்தம் என்னோடு வந்தது.

மார்கழிக் காலை. மணி ஏழரை ஆகியும் விழுப்புரம் சாலையில் பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் வந்தன. மொபெட் சீட்டை இரண்டு தடவை துடைத்துவிட்டு உட்கார்ந்தும் சுடிதாரில் ஈரம் ஏறிவிட்டது. தலையில் ஸ்கார்ஃப், உடம்பில் ஸ்வெட்டர், கையில் பழைய காலுறை. ஆமாம், காலுறையைத்தான் கையில் மாட்டியிருந்தேன். கையுறை வாங்குகிற அளவுக்கு எங்கள் ஊரில் குளிராது என்று ஒரு வீம்பு.

மனசில் பாதி பயம், பாதி சந்தோஷம். வீட்டு மாப்பிள்ளையின் ஃபேனை முடக்கிவிட்டு ஓடிவருகிற கொழுந்தியாளை எங்கள் தெரு அதுவரை பார்த்ததில்லை. அதுவும் நேஷனாலிட்டி மாப்பிள்ளை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

சிரித்த வாசகருக்கு

போன இதழில் கார்த்திகை மழையைப் பற்றி எழுதியபோது, கடைசியில் போகிற போக்கில் ‘மழை விட்டதும் குளிர் பிடித்துக்கொண்டது’ என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் படித்து வெளிநாட்டிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். அவர் இருக்கும் ஊரில் முழங்கால் அளவு பனி கொட்டிக் கிடக்கிறதாம். ‘புதுச்சேரியில் குளிர்’ என்று படித்ததும் வீடே சிரித்ததாம்.

சிரிக்கட்டும். ஒரு குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சிரிக்க நான் காரணமாக இருந்தேனே, நல்லதுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் எடுத்தால்தான் பசி, எங்கள் ஊரில் எடுத்தால் பசி இல்லையா? அவரவர் வயிறு, அவரவர் பசி. குளிரும் அப்படித்தான்.

எங்கள் குளிர் வானத்திலிருந்து கொட்டாது. இரண்டு மாத மழையில் ஊறிய சுவரிலிருந்து வரும். மூன்று நாள் கொடியில் கிடந்தும் காயாத துணியில் ஒரு வாடை அடிக்குமே, அதிலிருந்து வரும். கடற்காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்து கழுத்துக்குப் பின்னால் வந்து உட்காரும். பாட்டிலில் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்துபோகும். அடுப்பு ஓரத்தில் வைத்தால்தான் கையில் இறங்கும்.

அந்த மாதத்தில் ஊரே வேறு ஊர். பால்காரர் கண் மட்டும் தெரிகிற மாதிரி மஃப்ளர் சுற்றிக்கொண்டு வருவார். கடற்கரைச் சாலையில் காலை நடை போகிற பெரியவர்கள் இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருப்பார்கள். கோலம் போட உட்காருகிற பெண்கள் தலையில் துண்டு. ஸ்வெட்டர் விற்க எங்கோ வடக்கே மலையிலிருந்து வருகிறவர்கள் ரோட்டோரம் கடை விரிப்பார்கள். வருஷா வருஷம் பெட்டி கட்டிக்கொண்டு அவ்வளவு தூரத்திலிருந்து அவர்கள் வருகிறார்கள் என்றால், எங்கள் குளிரில் நம்பிக்கை வைத்துத்தானே வருகிறார்கள்?

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வாயைக் குவித்து ஊதி, புகை வருகிறதா என்று பார்ப்பார்கள். வராது. வராவிட்டாலும் அடுத்த நாளும் ஊதிப் பார்ப்பார்கள்.

‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்று சொல்லிவைத்தவர்கள் ஒன்றும் பைத்தியக்காரர்கள் இல்லை.

அப்பாவின் நெஞ்சு

எங்கள் அப்பா மில்லில் ஃபிட்டர். நூற்புப் பகுதியில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை. நூல் அறுந்துபோகாமல் இருக்க உள்ளே எப்போதும் ஈரப்புகை அடித்துக்கொண்டே இருப்பார்களாம். வெந்நீர்ப் பானைக்குள் நிற்கிற மாதிரி இருக்கும் என்பார். அந்தப் புழுக்கத்தில் வேலை பார்த்துவிட்டு, விடியற்காலையில் ஷிப்ட் முடிந்து சட்டென்று பனிக்குள் வருவார். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். சின்ன வயதில் அதைப் பிய்த்து எடுப்பது எனக்கும் அக்கா புஷ்பாவுக்கும் விளையாட்டு.

புருவத்திலிருந்த பஞ்சை நாங்கள் எடுத்தோம். நெஞ்சுக்குள் போனதை யார் எடுப்பது?

மில் மூடியபோது அப்பாவிடம் மிச்சமிருந்தவை இரண்டு. ஒன்று, கருவிகள் வைத்த தகரப் பெட்டி. ஸ்பேனர், திருப்புளி, கட்டிங் பிளேயர் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். பார்க்காமலே கை விட்டு எடுப்பார். இன்னொன்று, நெஞ்சுக்குள் ஒரு விசில். மற்ற மாதங்களில் அது தூங்கும். மார்கழி பிறந்ததும் விழித்துக்கொள்ளும்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். கார்த்திகை தீபத்தன்று மாலை ஃபேன் இறக்கையைத் துடைத்து நிறுத்திவிடுவோம். மாசி மகத்துக்குக் கடலில் சாமி பார்த்துவிட்டு வந்த மறுநாள்தான் திரும்பப் போடுவோம். நடுவில் பகலில் எத்தனை வேர்த்தாலும் கைவிசிறிதான். அப்பா பழுப்பு நிறத்தில் ஒரு குரங்குக் குல்லா வைத்திருந்தார். மாலை ஐந்து மணிக்குத் தலையில் ஏறினால் மறுநாள் வெயில் வந்தபிறகுதான் இறங்கும்.

இந்தக் குமிழ் விவகாரத்துக்கு முந்தின வருஷ மார்கழியில் ஒரு விடியற்காலை மூச்சு அடைத்து, உதடு கறுத்து, அவரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். முகத்தில் மாஸ்க் வைத்துக் காற்று கொடுத்தார்கள். “பனியில உக்காரக்கூடாது. மூஞ்சில காத்து அடிக்கக்கூடாது. இன்னொரு வாட்டி இப்படி ஆனா நான் பொறுப்பில்ல” என்று டாக்டர் சொன்னார். அப்பா அவரைப் பார்த்து, “ஒண்ணும் இல்ல சார், லேசா சளி” என்றார். அதுதான் அப்பா. ‘முடியவில்லை’ என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே கிடையாது.

வக்கான்ஸ்

அக்கா புருஷன் பெயர் ஜெயபால். அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரர் பட்டாளத்தில் ‘சொல்தா’வாக இருந்தவர். அதனால் குடும்பத்துக்கே பிரெஞ்சு நேஷனாலிட்டி. எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் கவர்மென்ட் மாப்பிள்ளைக்கும் மேலே ஒருவர் உண்டென்றால் அது நேஷனாலிட்டி மாப்பிள்ளைதான். மில் தொழிலாளி வீட்டுக்கு அப்படி ஒரு சம்பந்தம் வந்தபோது அம்மா ஒரு மாதம் நிலத்தில் கால் பாவாமல் நடந்தாள்.

எங்கள் பக்கத்தில் அக்கா புருஷனை மாமா என்று கூப்பிடுவோம். அவர் என் அப்பாவை மாமா என்பார். ஒரே வீட்டில் இரண்டு மாமா. படிக்கிறவர்கள் குழம்ப வேண்டாமென்று அவரை மாப்பிள்ளை என்றே எழுதுகிறேன்.

பாரிஸ் பக்கத்தில் ஏதோ ஒரு சின்ன ஊரில் அவர்களுக்குக் குடித்தனம். பெரிய குடோன் ஒன்றில் அவருக்கு வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை டிசம்பரில் ‘வக்கான்ஸ்’ என்று வருவார்கள். வக்கான்ஸ் என்றால் லீவுதான். ஆனால் லீவு என்று சொன்னால் நாம் எடுக்கிற லீவு மாதிரி ஆகிவிடுமே! எப்போதும் உப்பளம் பகுதியில் அவருடைய அண்ணன் வீட்டில்தான் தங்குவார்கள். அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன கதையைப் போனில் கேட்டிருந்த அக்கா, இந்தத் தடவை எங்கள் வீட்டில்தான் தங்குவேன் என்று அடம்பிடித்து வந்துவிட்டாள். சுனாமிக்கு அடுத்த வருஷமா, அதற்கும் அடுத்ததா, சரியாக நினைவில்லை.

வந்த அன்று மாலையே மாப்பிள்ளை கையில்லாத பனியனும் அரைக்கால் சட்டையுமாக ஹாலில் உட்கார்ந்தார். கட்டிலில் குல்லாவும் மஃப்ளருமாக உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார்.

“என்ன மாமா, பனிமலை ஏறப் போறீங்களா?”

அம்மா சிரித்தாள். அக்கா சிரித்தாள். அப்பாவும் சிரித்துக்கொண்டே குல்லாவைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

“ஃபேன் ஓடாதா?” என்று மேலே பார்த்தார் மாப்பிள்ளை.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தானே எழுந்துபோய், தன் கையாலேயே ரெகுலேட்டரை ஐந்துக்குத் திருப்பினார். “ஓடும் மாப்ள, ஓடும்” என்றார்.

எங்கள் வீட்டில் ஒரே ஃபேன். அது ஹாலில். உள்ளறைக்கு ஷீட் கூரை, ஃபேன் மாட்டக் கொக்கி கிடையாது. அப்பாவின் கட்டில் அந்த அறை வாசலுக்குள் நுழையாது. தரையில் படுத்தால் அவருக்கு மூச்சு முட்டும். ஆக, ஃபேனுக்கு நேர் கீழே மாப்பிள்ளையின் பாய், இரண்டு அடி தள்ளி அப்பாவின் கட்டில். நாங்கள் மூன்று பெண்களும் உள்ளே.

மாப்பிள்ளையைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அம்மாவுக்குத் தடியான கோட்டு ஒன்று வாங்கி வந்திருந்தார். கரடி மாதிரி இருந்தது, அலமாரியில் பாதியை அடைத்தது. ஒரு போட்டோ ஆல்பமும் கொண்டுவந்திருந்தார். வீட்டு வாசல், கார், மரம் எல்லாவற்றின் மேலும் வெள்ளை. அதன் நடுவில் மண்வெட்டியோடு மாப்பிள்ளை. எதிர்வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, “இத்தினி ஐஸையும் யாருப்பா வாருறது?” என்று கேட்டாள்.

“நான்தான்” என்றார் மாப்பிள்ளை. “மைனஸ் பத்துல நின்னவன் நான். உங்க ஊருக் குளிரெல்லாம் எனக்குக் கொசுக்கடி.”

இருபத்தொன்று

நான் அப்போது லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் லேப் அசிஸ்டென்ட். எனக்கு ஒரு புத்தி தோன்றியது. குளிரை நாமே அளந்து காட்டினால் இந்த மனிதர் வாயை மூடுவார் அல்லவா? லேபில் சாரிடம் கேட்டு ஒரு தெர்மாமீட்டரைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்தேன். ஹால் சுவரில் ஆணியில் மாட்டினேன். விடிந்ததும் மாப்பிள்ளையையே கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன்.

இருபத்தொன்று.

பார்த்ததும் எனக்கே சப்பென்று ஆகிவிட்டது. பத்து, பன்னிரண்டு காட்டும் என்று நினைத்திருந்தேன். லேபில் வேலை பார்க்கிறவள் நினைக்கக்கூடிய நினைப்பா அது! ஆனால் நடுங்கிக்கொண்டிருக்கிறவளுக்கு அப்படித்தான் தோன்றும்.

மாப்பிள்ளை சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. “இருபத்தொண்ணா! இதுக்கு எங்க ஊர்ல சட்டையக் கயட்டிட்டு பார்க்குல படுத்துப்பாங்க. ஐஸ்கிரீம் துண்ணுவாங்க.” பால்காரரிடம் சொன்னார். எதிர்வீட்டு அம்மாவிடம் சொன்னார். அன்று முழுக்க ‘இருபத்தொண்ணு’ என்றுதான் என்னைக் கூப்பிட்டார்.

நானும் சும்மா இருக்கவில்லை. அவர் குளிக்கப் போகும்போது தலைக்கு எண்ணெய் கேட்டார். உறைந்த பாட்டிலை அப்படியே கொண்டுபோய் நீட்டினேன். கவிழ்த்தார். தட்டினார். ஒரு சொட்டு வரவில்லை.

“என்னா மாமா, எங்க ஊர் எண்ணெய்க்கு டிகிரி தெரியாது போல” என்றேன்.

“வாய் ஜாஸ்தியாயிடுச்சி” என்று அக்காவிடம் சொன்னாராம்.

துவைக்கிற கல்லில்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவும் நானும் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை ஊர் சுற்றப் போயிருந்தார்.

“நீ அவர வம்புக்கு இழுக்காத கலா” என்றாள் அக்கா.

“நானா இழுக்கறேன்? அப்பா குல்லாவப் போட்டு எட்டு நாள் ஆச்சி. நீ பாக்கல?”

அக்கா சட்டைக் காலரில் பிரஷ்ஷைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

“அங்க அவருக்குக் குளுரே ஆவாதுடி. காலைல அஞ்சு மணிக்கு பஸ்ஸுக்கு நிப்பாரு. ரெண்டு பேன்ட்டு, மூணு ஸ்வெட்டரு. அப்பவும் பல்லு தந்தியடிக்கும். போன வருசம் ஐஸ்ல வழுக்கி வுழுந்து மணிக்கட்டு ஒடஞ்சி போச்சி. எழுந்துக்க முடியல, தூக்கி வுடவும் ஆள் இல்ல. கட்டு போட்டுக்கினு வீட்ல இருந்தப்ப ஜன்னலாண்ட நின்னுக்கினு வெளிய பாத்துட்டு இருந்தாரு. என்னான்னு போய்ப் பாத்தா, அழுவுறாரு.”

நான் அந்தச் சட்டையை வாங்கி அலசினேன். அக்காவே தொடர்ந்தாள்.

“அங்க குளுரு அவர அடிக்குது. இங்க வந்துதான் அவரு குளுர அடிக்கிறாரு. வுட்டுடு. இன்னும் பத்து நாளுதான்.”

பாவமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், கண்கூடக் கலங்கியது. அன்று ராத்திரி மீன் குழம்பில் பெரிய துண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தேன். ஆனால் பாவம் வேறு, ஃபேன் வேறு.

அடுப்பங்கரை

இரண்டு நாள் கழித்து, கோயில் ஸ்பீக்கர் போட்டதும் வழக்கம்போல் எழுந்தேன். கோலம் போடத் தண்ணீர் எடுக்க அடுப்பங்கரைக்குப் போனால் உள்ளே விளக்கு எரிகிறது. கேஸ் அடுப்பைச் சிம்மில் எரியவிட்டு, பக்கத்தில் மணையைப் போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் அடுப்புக்கு மேலே காட்டிக்கொண்டிருந்தார். மூச்சு மேலும் கீழும் இழுத்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் விசில்.

“எப்பப்பா எழுந்த?”

“தூக்கம் வரல. சும்மா வந்து உக்காந்தேன்.” நாலு வார்த்தை பேச மூன்று தடவை நிறுத்தினார்.

“ஃபேன நிறுத்திட்டு வரேன் இரு.”

என் கையைப் பிடித்தார். கை ஐஸ் மாதிரி இருந்தது. “வேணாம். மாப்ள அசந்து தூங்குறாரு. எழுப்பாத. ரெண்டு வருசத்துக்கு ஒரு தபா வராரு.”

ஹாலுக்குப் போய்ப் பார்த்தேன். ஃபேன் ஐந்தில் தடதடவென்று சுற்றுகிறது. கீழே மாப்பிள்ளை படுத்திருக்கிறார். மைனஸ் பத்தில் நின்ற மாப்பிள்ளை. எங்கள் அப்பாவின் கம்பளியைக் கால் முதல் தலை வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அதற்கு மேல் ஒரு ஜமுக்காளமும் போட்டுக்கொண்டு, மூட்டை மாதிரி சுருண்டு தூங்குகிறார்.

ஃபேனையும் போட்டுக்கொண்டு போர்வையையும் போர்த்திக்கொள்கிறாரே இந்த மனிதர்! ஒருவர் போர்வைக்குள் சுகமாகத் தூங்குவதற்கு இன்னொருவர் அடுப்பங்கரையில் உயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டுமா? வந்த கோபத்தில் எனக்குக் குளிர் கூடத் தெரியவில்லை. சுவரில் தெர்மாமீட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அது காற்றை அளந்தது. அப்பாவின் நெஞ்சை அளக்க அதற்குத் தெரியாது. அதைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றினேன்.

அப்பாவுக்கு வெந்நீரும் மருந்தும் கொடுத்து, உள்ளறையில் சுவரோடு தலையணை முட்டுக் கொடுத்து உட்கார வைத்தேன். விடிந்த பிறகு மூச்சு கொஞ்சம் படிந்தது. மாப்பிள்ளை எழுந்து, காபி குடித்து, அண்ணன் வீட்டுக்கு என்று கிளம்பிப் போனார். அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் ரெகுலேட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன். குமிழைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது.

அதைத்தான் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

“திருவு எங்க?”

சாயந்திரம் நான் வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை வந்துவிட்டார். மணி ஆறு. வெளியே பனி இறங்க ஆரம்பித்திருந்தது. அப்பா கட்டிலில், வெறுந்தலையோடு. மாப்பிள்ளை சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு நேராக ரெகுலேட்டருக்குப் போனார். கை வைத்தார். திருப்புவதற்கு ஒன்றும் இல்லை. சின்னதாக ஓர் இரும்புக் காம்பு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. விரலால் திருகிப் பார்த்தார், அசையவில்லை.

“இதுல இருந்த திருவு எங்க?”

“எலி தூக்கினு போயிருக்கும் மாப்ள” என்றாள் அம்மா, அடுப்பங்கரையிலிருந்து. காலையிலேயே கவனித்திருக்கிறாள். பொய்யையும் தயாராக வைத்திருக்கிறாள்.

“எலி இல்லம்மா. நான்தான்” என்றேன். “எங்கிட்டதான் இருக்கு மாமா. மாசி மகம் வரைக்கும் எங்கிட்டதான் இருக்கும்.”

“என்னா வெளையாட்டு இது? எடு.”

“வெளையாட்டு இல்ல. அப்பாவுக்கு ஆவாது.”

“யாருக்கு ஆவாது?” அவர் குரல் ஏறியது. “நான் வந்து பத்து நாளாச்சி. மாமா ஒரு நாளாவது வேணாம்னு சொன்னாரா? மொத நாளு அவரேதான் போட்டு வுட்டாரு. அவருக்கே ஒண்ணும் இல்லியாம், நடுவுல உனக்கு என்னா?”

அவர் சொன்னது அத்தனையும் நிஜம். அப்பா சொல்லவில்லை. இனிமேலும் சொல்ல மாட்டார். சொல்லாத ஒன்றுக்காக நான் எப்படிச் சண்டை போடுவது? அம்மா வாசலில் வந்து நின்று, “குடுத்துடுடி, மாப்ள கோச்சிக்கினு போயிடப் போறாரு” என்று கண்ணால் கெஞ்சினாள். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாப்பிள்ளை என்னை விட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். “மாமா, அந்தக் கட்டிங் பிளேயரக் குடுங்க. ரெண்டு நிமிசத்துல திருப்பிடறேன்.”

அப்பா எழுந்தார். மூலையிலிருந்த தகரப் பெட்டியின் பக்கத்தில் குனிந்து, மூடியைத் திறந்து, பார்க்காமலே கையை விட்டு பிளேயரை எடுத்தார். அந்த நிமிஷம் எனக்கு மாப்பிள்ளை மேல் இருந்த கோபம் எல்லாம் அப்பா மேல் திரும்பியது. போங்கப்பா, உங்களுக்காகச் சண்டை போட்டேன் பாருங்க, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அப்பா பிளேயரோடு திரும்பி வந்தார். மாப்பிள்ளை கை நீட்டினார். அப்பா அந்தக் கையைத் தாண்டிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். பிளேயரை மடியில் வைத்தார். தலையணைக்கு அடியில் கை விட்டுக் குல்லாவை எடுத்தார். உதறினார். தலையில் மாட்டி, இரண்டு காதும் மூட நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டார்.

“தர மாட்டேன் மாப்ள” என்றார். “எனக்குக் குளுருது.”

அவ்வளவுதான் சொன்னார். அதற்கே மூச்சு வாங்கியது. ஃபேன் ஓடாததால் வீடு நிசப்தமாக இருந்தது. அந்த நிசப்தத்தில் அப்பாவின் நெஞ்சு விசில் அடிப்பது எல்லோருக்கும் கேட்டது. பத்து நாளாக ஃபேன் சத்தத்தில் அது மாப்பிள்ளை காதில் விழுந்ததே இல்லை. அவர் நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

“கேக்குதா?” என்றாள் அக்கா. பத்து நாளில் அவள் தன் புருஷனைப் பார்த்து நிமிர்ந்து கேட்ட முதல் கேள்வி அதுதான்.

போகி

படித்துவிட்டு, மாப்பிள்ளை அங்கேயே மனம் மாறினார் என்று நினைத்துவிடாதீர்கள். கொடியிலிருந்த சட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு உப்பளத்துக்குப் போய்விட்டார். அக்கா கூடப் போகவில்லை. அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ‘பொண்ணோட வாழ்க்கைய ஒரு ஃபேனுக்காகக் கெடுத்துட்டாளே’ என்று எதிர்வீட்டு அம்மாவிடம் சொல்லி அழுதாள். எனக்கும் உள்ளுக்குள் உதைப்புதான். ஆனால் குமிழைக் கொடுக்கவில்லை. அந்த மூன்று விடியற்காலையும் அப்பா கட்டிலிலேயே தூங்கினார். அந்த மார்கழியில் நாங்கள் ஆட்டோவைத் தேடி ஓடவில்லை. வீட்டோடு சிரித்த வாசகருக்கு நான் காட்டக்கூடிய அளவு இது ஒன்றுதான்.

போகியன்று இருட்டு பிரியும் முன்பே தெருவில் பழைய பாய், முறம், துடைப்பம் எல்லாம் எரிய ஆரம்பித்தன. புகை ஆகாதென்று அப்பாவுக்காகக் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு நான் மட்டும் வாசலில் நின்றேன். அன்றைக்குத்தான் அந்த வருஷத்தின் கடும் பனி. புகையும் பனியும் கலந்து எதிர்வீடு கூடத் தெரியவில்லை.

அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கினார். அன்று போட்டுக்கொண்டு போன அதே அரைக்கைச் சட்டை, அரைக்கால் சட்டை. கோபத்தில் போனவர் பெட்டியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார், மாற்று உடுப்புக்கு வழியில்லை. என்னைப் பார்த்தார். உள்ளே போகவும் கூச்சம். தெருப் பிள்ளைகளோடு நெருப்பைச் சுற்றி நின்றார். கொஞ்ச நேரத்தில் இரண்டு கையையும் நெருப்புக்கு நேராக நீட்டினார். அடுப்பங்கரையில் அப்பா நீட்டியிருந்தாரே, அதே மாதிரி. ஒரு மணிக்கட்டு லேசாகக் கோணியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

பின்னால் ஜன்னல் ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தது. குல்லாவும் கண்ணும் மட்டும் தெரிந்தன.

“குளுருதா மாப்ள?” என்று கேட்டார் அப்பா.

மாப்பிள்ளை திரும்பினார். பிள்ளைகள் எல்லாம் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நெருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

“குளுருது மாமா” என்றார்.

“அப்ப உள்ள வாங்க” என்றார் அப்பா. “உள்ள ஃபேன் ஓடல.”